கடகத்துக்குள் ஒரு ரவை

சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, பனங்கொட்டை புதைக்கப் பாத்தி வெட்டிக்கொண்டிருந்த என் கணவரின் மண்வெட்டி பொலித்தீன் சுற்றிய ஏதோ ஒன்றில் பட்டது. எடுத்துப் பிரித்தார். கிறீஸ் பூசிய கைத்துவக்கு. சண்டை முடிந்து எங்கள் ஊர் சுருவிலுக்குத் திரும்பி வந்த இத்தனை வருடமும் அதே இடத்தில் கத்தரி நட்டிருக்கிறோம், ஆடு கட்டியிருக்கிறோம்.

"மூடுங்கோ," என்றேன். விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். ஆனாலும் சண்டைக் காலம் எனக்குப் படிப்பித்தது அதைத்தான்.

"மூடினால் என்ர உத்தியோகம் போகும், அம்மா," என்றாள் மகள். பொலிஸில் சேர்ந்து எட்டு மாதம். மூன்று நாள் லீவில் வந்திருந்தாள். அவள் சேர்ந்த நாளிலிருந்து நான் வெள்ளிக்கிழமைகளில் விரதம். "அப்பா, விசையிலை விரல் படாமல், வாய் மணல் கும்பியைப் பாக்க மெல்ல வையுங்கோ. இனி ஒருத்தரும் தொடக்கூடாது."

கைபேசியில் பொலிஸுக்கு அறிவித்தாள். ஆள் வர ஒரு மணித்தியாலமாகுமாம்.

அதற்குள் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அண்ணையின் தலை தெரிந்தது. "இதுக்கேன் பொலிஸ்? மகசினைக் கழட்டினால் வெறும் இரும்பு. விடும் பிள்ளை, நான் கழட்டுறன்."

"மாமா எத்தினை துவக்கு கழட்டினனீங்கள்?"

"படத்திலை பாத்தனான்."

"படத்திலை செத்தவன் எழும்பி அடுத்த படத்திலை நடிப்பான், மாமா."

பிறகு பொறுமையாக விளக்கினாள். தோட்டா ரவைகள் அடுக்கிய மகசினைப் போட்டு, துவக்கின் மேல்பக்கத்தை முழுதாகப் பின்னுக்கு இழுத்து விட்டால், அது பாய்ந்து முன்னுக்குப் போகும்போது ஒரு ரவையைக் குழலின் அடிக்குள் ஏற்றிவிடும். அதற்குப் பிறகு மகசினைக் கழற்றினாலும் அந்த ஒன்று உள்ளேயே இருக்கும். பயிற்சித் திடலில் கட்டளை வந்த பிறகுதான் ஏற்றுவார்களாம். துவக்கின் வாய் இலக்கைப் பார்த்திருக்க வேண்டும், விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். "இதை ஆர் ஏத்தினது, எப்ப ஏத்தினது எண்டு எங்களுக்குத் தெரியாது. ஏத்திக் கிடக்குது எண்டுதான் நினைக்கோணும்."

அந்தத் துவக்கைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலவில்லை. பனையோலையில் பின்னிய கடகம் ஒன்றைக் கொண்டுவந்து அதன் மேல் மெதுவாகக் கவிழ்த்தேன். மனம் சற்று ஆறியது.

அந்த நேரம் பார்த்து எங்கள் அடைக்கோழி பாத்தி மண்ணைக் கிளற வந்தது. ஐயோ, கடகத்தைத் தட்டிவிடுமே என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். தினமும் அந்தக் கோழியைக் கடகத்தால் கவிழ்த்து மூடுகிற கைகள் இவை. என்னைக் கேட்காமலே கடகத்தின் விளிம்பைத் தூக்கி, கோழியை உள்ளே தள்ளி, மூடிவிட்டன.

"அம்மா!" என்றாள் மகள். "கோழியை எங்கை விட்டனீங்கள்?"

கடகத்துக்குள் கோழி சீய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு இரும்பில் நகம் படும் சத்தம். மகள் எங்களைக் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் இருத்தினாள். கணவர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடகத்தைத் தூக்க அவள் எழும்பிவிடுவாளோ என்று அவளுடைய சட்டையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"நான் போகமாட்டன், அம்மா. சட்டை கிழியுது."

பத்தே முக்காலுக்கு ஜீப் வந்தது. இறங்கியவர் தென்பகுதிக்காரர், துவக்குப் பழுதுபார்க்கும் அதிகாரி. எங்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கடகத்தை நீட்டுத் தடியால் நிமிர்த்தினார். கோழி அவர் தொப்பிக்கு மேலால் பறந்து வந்து என் மடியில் விழுந்தது. அவர் துவக்கின் வாயை மணல் கும்பியை நோக்கிப் பிடித்து மகசினைக் கழற்றினார். அது வெறுமையாக இருந்தது.

"பாத்தியளே! நான் சொன்னனான்," என்றார் வேலிக்கு மேலிருந்த தலை.

அதிகாரி மேல்பக்கத்தைப் பின்னுக்கு இழுத்தார். ரவையொன்று துள்ளி மண்ணில் விழுந்தது. வேலிக்கு மேலிருந்த தலையைக் காணவில்லை.

"யார் தொட்டது?"

"அப்பா எடுத்து வைச்சவர், சேர். பிறகு ஒருத்தரும் இல்லை."

"நல்ல வேலை செஞ்சீங்க, நங்கி," என்று சிங்களத்தில் தங்கையை அழைப்பதுபோல் அழைத்து எழுதிக்கொண்டார். பிறகு கோழியை மடியில் அணைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"அம்மா, மகளை நினைச்சுப் பயப்பட வேணாம். கோழியைத்தான் கட்டி வைங்க."