கொம்பில் தடவிய சிவப்பு

மாடுகளுக்கு வரும் வெக்கை நோய்க்குப் புது ஊசி வந்திருந்த சமயம் அது. நாமக்கல் பக்கம் ஓர் ஊரில் அதைச் சோதித்து அறிக்கை எழுதச் சொல்லி, தற்காலிக மாட்டு டாக்டரான என்னை அனுப்பினார்கள். அறிக்கை நன்றாக வந்தால் வேலை நிரந்தரம் என்று சேலத்து மேலதிகாரி சொல்லியிருந்தார். ஒவ்வோர் உழவு ஜோடியிலும் ஓர் எருதுக்கு ஊசி போட்டு, மற்றதைச் சும்மா விட்டு ஒப்பிட வேண்டும். ஊசி போட்டதன் கொம்பில் சிவப்புச் சாயம் தடவினேன். அதுவும் மார்கழிக் கடைசியில்! இதே மண்ணில் பிறந்தவன், மாட்டுக் கொம்புக்கெல்லாம் சாயம் பூசும் பட்டிப் பொங்கலை மறந்துபோன மடையன் நான்.

தை பிறந்து, நோயும் வந்தது. போய்ப் பார்த்தால் ஊரில் அத்தனை கொம்பும் சிவப்பு. குறிப்பேட்டில் மாட்டின் உடம்பு நிறம் மட்டும்தான் எழுதியிருந்தேன். ஜோடி என்றால் இரண்டும் ஒரே நிறம்தானே? வீடு வீடாகக் கேட்டேன். எல்லா வீட்டிலும், ஊசி போடாததுதான் செத்தது என்றார்கள். ஒரே ஒரு வீட்டில், புருஷன் இல்லாமல் தனியாக உழவு பார்த்த ஓர் அம்மா, ஊசி போட்டதுதான் செத்தது என்றார். ஊசி போட்ட அன்று எருதின் கயிறு பிடித்திருந்தவரும் அவரேதான்.

எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல்! மற்றவர்கள் சொன்னதும் வாய்ச்சொல்தான். அதையெல்லாம் ஏற்றுக்கொண்டேன். இவர் எருதை மட்டும், அடையாளம் அழிந்துவிட்டது என்று விட்டுவிட்டேன்.

முடிவை ஊராருக்குத் தமிழில் படித்துக் காட்டிய பிறகே அனுப்ப வேண்டும். மிச்ச மாடுகளுக்கு ஊசி போடுவதா என்று அவர்கள் அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். கோயில் வேப்பமரத்தடியில் படித்தேன். ஊசி போட்டதில் ஒன்றுகூடச் சாகவில்லை என்று முடித்தேன். அந்த அம்மா எழுந்தார்.

"எங்கூட்டு எருது எங்கீங்க?"

அடையாளம் தெரியவில்லை என்று முணுமுணுத்தேன்.

"மத்தவிங்களுதும் அப்படித்தானுங்களே?"

கூட்டம் கலைய ஆரம்பித்தது. ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் பேனாவை எடுத்தேன். சாயம் தடவிய என் முட்டாள்தனத்தையும், எல்லாமே வாய்ச்சொல் என்பதையும், அவர் எருது செத்ததையும் எழுதி, உரக்கப் படித்தேன். வேலை போச்சு என்று தெரிந்தேதான் படித்தேன். நிமிர்ந்தபோது அந்த அம்மாவைக் காணோம்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். கையில் கயிறு, பின்னால் ஜோடியில் மிச்சமிருந்த ஒற்றைச் செவலை எருது.

"இதுக்கும் போடுங்க சாமி. செத்ததையும் எழுதிட்டீங்கல்ல."