ஒருமுறை ஸ்கேன் ஆனால் சாப்பிட்டாயிற்று

“மேடம், ஒருவாட்டி ஸ்கேன் ஆச்சுன்னா சாப்பிட்டாச்சுன்னு அர்த்தம். சிஸ்டம் அப்படித்தான்.”

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, ஒரு தீம் பார்க் சாப்பாட்டு ஹாலின் வாசலில், ஈர டிராக் பேன்ட்டும் வெறுங்காலுமாக நின்றபோது எனக்குக் கிடைத்த பதில் இது. சொன்னவர் கழுத்தில் சூப்பர்வைசர் என்று அட்டை தொங்கியது. முகத்தில் சிரிப்பு வேறு! எனக்கு வந்த கோபம் இருக்கிறதே... இப்போது எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இந்த வாரம் கொஞ்சம் காரம் தூக்கல். பக்கத்தில் மோர் வைத்துக்கொண்டு படியுங்கள்.

லீவு வந்தால் உங்களில் பலர் கேட்கிற கேள்விதான். டிக்கெட் போடும்போதே ‘மீல் பிளான்’ என்று ஒன்று கண் சிமிட்டுகிறதே, அதைப் போடலாமா, வேண்டாமா? முன்கூட்டியே பணத்தைக் கட்டிவிட வேண்டும். மதியம் பஃபே, சாயந்திரம் டீயும் ஸ்நாக்ஸும். மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். அதைக் காட்டினால் சோறு.

சூரமங்கலத்தில் எங்கள் வீட்டிலும் இதற்காக மூன்று நாள் பட்டிமன்றம் நடந்தது.

“கட்டுச்சோறு கட்டிக்கிட்டா சோலி முடிஞ்சுது. பசிக்கறதுக்கு முன்னாடியே எதுக்குப் பணம் கட்டோணும்?” என்றார் என் வீட்டுக்காரர். “வெளிச் சாப்பாட்ட உள்ளயே விட மாட்டாங்கப்பா” என்றாள் கல்லூரிக்குப் போகும் என் மகள் கயல். அவள் சாப்பிடுவது கால் தட்டு. அவர் சாப்பிடுவது இரண்டு தட்டு. கூட்டிக் கழித்தால் நஷ்டமில்லை என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

உண்மையில் நான் பிளான் போட்டது நங்கையாவுக்காக.

என் வீட்டுக்காரரின் அக்காவைத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் புருஷனுடைய அக்காவை நங்கையா என்போம். எடப்பாடியில் இருக்கிறார். வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் நான்கு பவர்லூம் தறி. தறிச் சத்தத்தில் பேசிப் பேசி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் பக்கத்து ஊர்க்காரரிடம் பேசுவது போலத்தான் பேசுவார். வயது அறுபது ஆகப் போகிறது. தறியை நிறுத்திவிட்டு ஊர் சுற்றிப் பார்த்தவர் இல்லை. கயல் செல்போனில் காட்டிய தண்ணீர்ச் சறுக்கை ஒருநாள் பார்த்துவிட்டு, “ஏஞ்சாமி, இதுல எங்களையாட்டப் பொம்பளைங்களும் சறுக்கி உழுகலாமா?” என்று கேட்டார். அதற்காகப் போட்ட பயணம் இது.

நங்கையாவுக்குச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி. போட்டுக்கொண்டால் அரை மணிக்குள் சோறு உள்ளே போயாக வேண்டும். தெரியாத இடத்தில் ஹோட்டல் தேடி அலைய முடியுமா? பிளான் போட்டால் நேரத்துக்குச் சோறு நிச்சயம் என்று நினைத்தேன். பாருங்கள், எவ்வளவு கெட்டிக்காரி நான்!

பிளான் போட்டாயிற்று என்று போனில் நான்கு தடவை சொல்லியும் நங்கையா சும்மா வரவில்லை. ஒரு பெரிய தூக்குப்போசி நிறையப் புளிசாதம், ஒரு கவர் தட்டுவடையோடு வந்து இறங்கினார். ஒரு குடும்பம் வெளியூர் கிளம்பும்போது வெறுங்கையோடு காரில் ஏறுவதா? அவருக்கு அது மானப் பிரச்சினை.

பார்க் வாசலில் பைகளை உள்ளே இழுத்துப் பார்க்கிற மெஷின். திரையில் தூக்குப்போசி பளிச்சென்று தெரிந்தது. காவலுக்கு நின்ற பெண் தலையாட்டினாள்.

“அவுட்சைட் ஃபுட் அலோ பண்ண மாட்டோம்மா.”

“இது அவுட்சைடு இல்லீங் அம்மிணி, ஊட்ல ஆக்குனது” என்றார் நங்கையா.

வரிசை மொத்தமும் சிரித்தது. போசியையும் தட்டுவடையையும் வாங்கி வைத்துக்கொண்டு, போகும்போது எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு டோக்கன் கொடுத்தார்கள். நங்கையா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்போது நானும் சிரித்தேன். அதற்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

சேலையோடு தண்ணீரில் இறங்கக் கூடாதாம். கயலின் டீ-ஷர்ட்டையும் டிராக் பேன்ட்டையும் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகச் சேலை இல்லாமல் நடந்தார் நங்கையா. சின்னக் குளத்தில் கால் நனைத்துப் பழகிக்கொண்டிருந்தார். பெரிய சறுக்கு, சாப்பிட்ட பிறகு என்று முடிவு.

பன்னிரண்டே முக்காலுக்கு லாக்கருக்குப் போனோம். நங்கையா ஊசி போட்டுக்கொண்டார். பர்ஸ், போன், மருந்துப் பை எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை என் வீட்டுக்காரர் கையில் மாட்டிக்கொண்டார். “நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் கயலக் கூட்டிக்கிட்டு அஞ்சு நிமிசத்துல வாரேன்.”

அந்த ஐந்து நிமிடம்!

சாப்பாட்டு ஹாலில் நீண்ட வரிசை. நின்று, நகர்ந்து, பட்டையை நீட்டினோம். டிங், டிங். இருவரும் உள்ளே. அப்பாடா, மணி ஒன்று பத்துதான் என்று நிம்மதியாக இரண்டு தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால்... நங்கையாவைக் காணோம்.

எங்கே போயிருப்பார்? கொங்கு வீட்டில் வாழ்க்கைப்பட்ட எனக்குத் தெரியாதா? ஒரு வீட்டின் பெரிய பொம்பளை, எல்லாரையும் ‘சாப்பிட வாங்க’ என்று கூப்பிட்டு உட்கார வைக்காமல் தன் இலையில் கை வைக்க மாட்டார். கல்யாணப் பந்தியானாலும் சரி, வீட்டுக் கூடமானாலும் சரி. கூப்பிடாமல் போனால் அது குறை. பத்து வருஷம் கழித்தும் சொல்லிக் காட்டுவார்கள். தம்பி இன்னும் வரவில்லை, கூப்பிட்டு வரலாம் என்று நங்கையா வெளியே போய்விட்டார்.

தட்டுகளைப் போட்டுவிட்டு நானும் ஓடினேன். அலைக் குளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, “தம்பீ... சோறு உண்க வா சாமீ!” என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்தையே அமுக்குகிற தொண்டை. குளத்தில் இருந்த அத்தனை தம்பிகளும் திரும்பிப் பார்த்தார்கள், இவருடைய தம்பியைத் தவிர.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஹாலுக்குத் திரும்பினேன். பட்டையை நீட்டினேன். மெஷின் சிவப்பாக எரிந்தது.

அங்கேதான் அந்தச் சிரித்த முகச் சூப்பர்வைசர்.

“நாங்க இன்னும் சாப்பிடவே இல்ல சார். ஆளக் கூப்பிடத்தான் வெளிய வந்தோம்.”

“ஒருவாட்டி ஸ்கேன் ஆச்சுன்னா சாப்பிட்டாச்சுன்னு அர்த்தம் மேடம்.”

“கையப் பாருங்க சார், ஒரு பருக்கை ஒட்டியிருக்கா?”

“சிஸ்டத்துல ரெண்டு பேரு சாப்பிட்டாச்சுன்னு காட்டுது. வேணும்னா அந்தக் கவுண்டர்ல புதுசா பட்டை வாங்கிக்கலாம்.”

“பர்ஸ் லாக்கர்ல இருக்கு.”

“சாவி?”

“வீட்டுக்காரர்கிட்ட.”

“அவரு எங்க மேடம்?”

நான் அண்ணாந்து பார்த்தேன். பெரிய சறுக்குக் கோபுரத்தின் உச்சிப்படியில், நீல டவுசரோடு, மகளுக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டு எனக்குக் கையாட்டினார் என் வீட்டுக்காரர். மகளைக் கூட்டிவரப் போன மனுஷன்! அந்த நிமிடம் என் கையில் கல் கிடைத்திருந்தால் இந்தப் பத்தியை நீங்கள் வேறு பக்கத்தில், குற்றச் செய்தியாகப் படித்திருப்பீர்கள்.

“ஊசி போட்டிருக்காங்க சார். சாப்பிடலேன்னா மயங்கி விழுந்துடுவாங்க. அவங்கள மட்டுமாவது விடுங்க. நான் இங்கயே நிக்கறேன்.”

“ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் அந்தக் கடைசில இருக்கு மேடம். நான் ரூல்ஸ மீற முடியாது.”

எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. “அம்மிணி... கண்ணக் கட்டுது.”

மெதுவாக. அவ்வளவு மெதுவாக. இருபத்தைந்து வருஷத்தில் நங்கையா மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. திரும்பினேன். முகமெல்லாம் வேர்வை, விரல்கள் நடுங்குகின்றன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், நான்கு வகைச் சோறும் ஏழு வகைக் கூட்டும் ஆவி பறக்க இருக்கின்றன. பாதி தின்றுவிட்டுப் போன தட்டுகளைக் குப்பையில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். பணம் கட்டிய மனுஷி வாசலில் துவண்டு உட்காருகிறார். எந்த ஊர் நியாயம் இது?

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நல்ல வார்த்தைகள் இல்லை என்பது மட்டும் நிச்சயம். சூப்பர்வைசர் வாக்கிடாக்கியில் யாரையோ கூப்பிட ஆரம்பித்தார்.

அதற்குள் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நங்கையாவின் தோளுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி, ஹாலுக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார். வேலையாட்கள் சாப்பிடுகிற சின்னச் சந்து அது. ஒரு பிளாஸ்க்கைத் திறந்து, “சக்கர தூக்கலா போட்ட டீங்க, மொதல்ல இதக் குடிங்க” என்று வாயில் வைத்தார். பிறகு ஒரு சம்படத்தைத் திறந்தார். தயிர்சாதம், ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய்.

யாரும் எதையும் ஸ்கேன் செய்யவில்லை.

பத்து நிமிடத்தில் நங்கையாவுக்கு முகம் தெளிந்தது. பாதி சம்படம் காலி. நிமிர்ந்து அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

“நீ உண்டயா சாமி?”

“எங்களுக்கு ரெண்டரைக்குத்தாங்க சாப்பாட்டு நேரம். நீங்க சாப்பிடுங்கம்மா.”

நங்கையாவின் கை அப்படியே நின்றது. “அப்ப உன்ற சோத்தயா நான் தின்னுபோட்டேன்? அடி ஆத்தா!” குரல் பழையபடி உயர்ந்துவிட்டது. அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வேலை செய்கிறவர்கள் தங்கள் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுவரலாமாம். அவர்கள் வழியில் அந்த மெஷின் இல்லை. இரண்டரை மணிக்கு அந்தப் பெண் எங்கள் டோக்கனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். எங்கள் தூக்குப்போசியை வாங்கித் தன் பையில் போட்டு, வேலையாள் சோறாக உள்ளே கொண்டுவந்துவிட்டார். அந்தச் சந்தில், அவரும் அவரோடு வேலை செய்கிற மூன்று பெண்களும் நாங்களுமாகப் புளிசாதம் சாப்பிட்டோம். கயலோடு அசடு வழிய வந்து சேர்ந்த தம்பிக்கும் நங்கையா தன் கையாலேயே எடுத்து வைத்தார். நானாக இருந்தால் வைத்திருக்க மாட்டேன்.

அது எந்தப் பார்க் என்று பெயர் போட்டுக் கிழித்துத் தொங்கவிடத்தான் எனக்கு ஆசை. ஆனால் பெயர் போட்டால் அந்தச் சந்து தெரிந்துவிடும், அந்தப் பெண்ணின் வேலை போய்விடும். அதனால்தான் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

புகார் மட்டும் அனுப்பினேன். பதிலும் வந்தது. நான்கு நபர்களில் இருவர் உணவருந்தியதாகவும், மற்ற இருவர் உரிய நேரத்துக்குள் வரவில்லை என்றும் பதிவாகியிருக்கிறதாம். ஒருமுறை மட்டுமே அனுமதி என்று நிபந்தனையில் இருக்கிறதாம். இருக்கிறதுதான். தேடிப் பார்த்தேன். எறும்பு எழுத்தில், இருபதாவது வரியில். ‘படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்’ என்று இதே இடத்தில் உங்களுக்கு எத்தனை முறை உபதேசம் செய்திருப்பேன்? அந்த மகராசி படிக்காமலே டிக் அடித்திருக்கிறாள். என் மேல் எனக்கு இருக்கிற கோபம் தனிக்கணக்கு.

சரி, பிளான் போடலாமா வேண்டாமா? நான் கண்டது இதுதான். நம்ம ஊர் மெஸ்காரர் ஏன் “இன்னொரு கரண்டி ரசம் ஊத்தட்டுங்களா?” என்று கேட்கிறார்? பாதி அவர் குணம். மீதி, நாம் இன்னும் பணம் கொடுக்கவில்லை. கை கழுவி எழுந்த பிறகுதான் கல்லா. முதலிலேயே பணத்தை வாங்கி வைத்துக்கொண்டவருக்கு நாம் உண்டால் என்ன, உருண்டால் என்ன? நாம் சாப்பிடாமல் போனால் அவருக்கு ஒரு தட்டு மிச்சம். இதற்கு மேல் உங்கள் இஷ்டம்.

நேற்று நங்கையா போன் பண்ணினார். பின்னால் தறி ஓடுகிற சத்தம். இனிமேல் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொல்லப் போகிறார், நானும் சேர்ந்து ஒருபாட்டம் திட்டலாம் என்று தயாராக இருந்தேன்.

“ஏனம்மிணி, அந்தச் சறுக்குல நான் உழுகவே இல்லீல்ல? இன்னொருக்கா போலாம். அந்தப் புள்ளைக்கும் சேத்து ஆக்கோணும். பையில வெச்சாத்தான மெசினு புடிக்குது? மடியில கட்டி, மேல சேலையச் சுத்திக்கறேன். எவன் வந்து ஸ்கேன் பண்றான்னு பாத்துப்போடலாம்!”