ரெஜினா அக்கா தூக்காத கை

ரெஜினா அக்கா போயிட்டா. எங்கட வெள்ளவத்தை அடுக்குமாடி பிளட்ஸில அஞ்சாம் மாடிக்காரி. நேற்றுப் பின்னேரம் அடக்கமும் முடிஞ்சுது... இன்னும் நம்ப முடியவில்லை.

கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவ. கடற்கரையில் நின்று கூப்பிட்டால் பஸ் இரையிற காலி வீதிக்கும் கேட்கிற குரல்.

நான் முதன்முதலாகக் கேக் அடித்து பிளட்ஸ் முழுக்கக் கொடுத்தேன். எல்லாரும் "சுப்பர்" என்றார்கள். அக்கா மட்டும், "சீனி கூடிப்போச்சு பிள்ள. இன்னொரு துண்டு தா" என்றா.

ஆனால் அந்தக் கமிட்டி மீட்டிங்... அதை மறக்கவே முடியாது.

வீடுகளுக்கு வேலைக்கு வருகிறவர்கள் இனி லிப்டில் ஏறக்கூடாது, படியால் வரட்டும் என்றார் சேர்மன் அங்கிள். "எல்லாருக்கும் ஓகேதானே?"

எல்லாக் கையும் உயர்ந்தது. என் கையும்தான். ஏன் வீண் வம்பு...

அக்கா கையைக் கட்டிக்கொண்டு இருந்தா. "எனக்கு ஓகே இல்ல. என்ர வீட்டில சமைக்கிற மாலா, அரிசியும் மரக்கறியும் தூக்கிக்கொண்டு படி ஏறுறதோ? நாங்க வெறுங்கையோட லிப்டில போறதோ?"

"மெஜோரிட்டி முடிவு, மிசிஸ்."

"சரி. அப்ப நானும் படியால வாறன்."

வந்தா! மாலா அக்காவோடு, அந்த முழங்கால் வலியோடு. ஒவ்வொரு மாடியிலும் நின்று ஒரு வீட்டு பெல்லை அடிப்பா. "கொஞ்சம் தண்ணி தாங்கோ. இருக்க ரெண்டு கதிரையும் போடுங்கோ."

ரெண்டாம் மாடியில் சேர்மன் அங்கிள் வீடு. அங்கே மட்டும் தேத்தண்ணி. அதுவும் அவர் நியூஸ் பார்க்கிற நேரம் பார்த்து.

ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. அங்கிளே லிப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரெண்டு பேரும் ஏறுங்கோ... ப்ளீஸ்!"

நேற்று அடக்கத்துக்கு முதல், அக்காவை வைத்திருந்த மலர்ச்சாலையில் அதே அங்கிள்தான் பேசினார். "மிகவும் அமைதியானவர். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை கதைக்காதவர்..."

எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் கையைத் தூக்கிவிட்டேன். "அங்கிள்... எனக்கு ஓகே இல்ல. அக்கா அப்பிடி இல்ல."

அங்கிளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஓம்... என்ர வீட்டுத் தேயிலையை எல்லாம் முடிச்ச மனுசி."

மாலா அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா. பெட்டியைச் சுற்றி நின்று அவ்வளவு பேரும் சிரித்தோம்.

போயிட்டு வாங்கோ அக்கா. மேலேயும் ஒரு கமிட்டி இருக்கும்... டக்கெண்டு கையைத் தூக்கிடாதீங்கோ.