கொறடாவும் ஞாயிற்றுக்கிழமை இட்லியும்

எங்கள் ஹைதராபாத் அடுக்ககத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொறடாவாக நான் நியமிக்கப்பட்டது லிப்டுக்குள். நியமித்தவர் மூன்றாம் மாடிப் பெரியவர். அவருடைய தாத்தா சென்னை ராஜதானியிலிருந்து செகந்திராபாத் ரயில்வே பணிமனைக்கு வேலைக்கு வந்தவர். நாங்களெல்லாம் கம்ப்யூட்டரை நம்பி நேற்று வந்தவர்கள். அதனால் அவரைக் கேட்காமலேயே அவர் தலைவராகிவிட்டார்.

விஷயம் இதுதான். ஐந்தாம் மாடியில் மதுரைப் பக்கத்து அக்கா ஒருவர் தன் வீட்டிலேயே இட்லி, தோசை செய்து விற்கிறார். அவர் கணவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்து, ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் பார்த்துக்கொண்டிருந்த வேலை போய்விட்டது. அந்தக் குடும்பம் இப்போது நிற்பது அந்த அடுப்பின்மேல். எதிர்வீட்டில் இருப்பவர் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் கதவைத் திறக்கும்போது, இட்லி வரிசையில் நின்று அதில் சாய்ந்துகொண்டிருக்கும் யாராவது ஒரு தமிழர் தூக்குவாளியோடு உள்ளே விழுவார். பொறுத்துப் பார்த்தார். கடைசியில், வீடுகளில் உணவு வியாபாரம் கூடாது என்று பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவந்துவிட்டார். நேரில் வந்து கை தூக்குகிறவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு.

“சட்டசபைல ஒருத்தர் இருப்பாரே, எல்லாரையும் ஓட்டுப் போட ஓட்டிட்டு வருவாரே. அது நீங்க ஆயிடுங்க” என்றார் பெரியவர். தலைவரே செய்யலாமே என்றேன். “நக்கோ சாமி, வேணாம். முட்டி வலிக்குது. நீங்கதான் எழுதுற ஆளு. ஒரு மெசேஜ் போட்டா முடிஞ்சுது.”

அக்காவிடம் நாங்கள் இருவருமே போய்ச் சொன்னோம். நீங்கள் கூட்டத்துக்கு வரவேண்டாம், சம்பந்தப்பட்டவர் வந்து நின்றால் நன்றாக இருக்காது, எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று.  மாவு பொங்கிவிடும் என்று அவர் உள்ளே போனார்.

பதவி கிடைத்தால் மற்றவர்கள் வேலையைத் தொடங்குவார்கள். நான் அகராதியைத் திறந்தேன். கொறடா என்றால் குதிரைச் சவுக்கு. மராத்தியர்களோடும் அவர்கள் குதிரைகளோடும் தமிழுக்குள் வந்த சொல்லாக இருக்க வேண்டும். குதிரைகள் போனபிறகு கொஞ்ச காலம் வேலையில்லாமல் கிடந்து, பிறகு சட்டசபையில் சேர்ந்துகொண்டது. நரி வேட்டையில் நாய்கள் சிதறாமல் சவுக்கால் ஒதுக்கிக்கொண்டு வரும் ஆளின் ‘விப்’ என்ற பெயரைத்தான் வெள்ளைக்காரர்கள் தங்கள் பாராளுமன்றத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். நாம் மொழிபெயர்த்தபோது நாயை விட்டுவிட்டுச் சவுக்கை மட்டும் வைத்துக்கொண்டோம். உறுப்பினர்களின் மரியாதையை உத்தேசித்து இருக்கலாம்.

இங்கே ஹைதராபாதில் இந்தச் சொல் இன்னும் உடம்போடு உயிரோடு இருக்கிறது. தெலுங்கில் கொரடா என்றால் அடிக்கிற சவுக்கேதான். அனுமதியில்லாமல் கட்டிய கட்டடங்கள்மேல் அதிகாரிகள் கொரடாவைச் சுழற்றியதாகத் தெலுங்குப் பத்திரிகைகள் அடிக்கடி எழுதும். கட்டடங்கள் நின்ற இடத்தில்தான் நிற்கும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கொறடாவுக்கு முன்னால் தமிழன் குதிரையை எதால் அடித்தான் என்ற கேள்வி வந்துவிட்டது. சங்க காலத்தில் அதற்கு மத்திகை என்று பெயர். அது கிரேக்கச் சொல் என்று அறிஞர்களில் ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று இன்னொரு கட்சி. சம்மட்டிக்கும் குதிரைச் சவுக்கு என்று ஒரு பழைய பொருள் உண்டு. இன்று சம்மட்டியோடு குதிரைப் பக்கம் போனால் போலீஸ் வரும். சவுக்கு என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அதற்குச் சுறுசுறுப்பு என்றும் பொருள். அடிப்பவரின் சுறுசுறுப்பா, வாங்குபவரின் சுறுசுறுப்பா என்று அகராதி விளக்கவில்லை.

இவ்வளவையும் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தமிழ் வாட்ஸாப் குழுவில் எழுதினேன். நல்ல தமிழில், பத்தி பிரித்து. கடைசிப் பத்தியில், ஆகவே அனைவரும் நாளைக் காலை பத்து மணிக்குக் கிளப் ஹவுசுக்கு வந்து தீர்மானத்தை எதிர்த்துக் கை தூக்கி அக்காவின் அடுப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று முடித்தேன். ஒரு மணி நேரத்துக்குள் கட்டைவிரல்கள் குவிந்தன. ‘அருமை சார்’ என்று ஒருவர். ‘கும்பகோணத்தில் மாமனாருக்கு அனுப்பிவிட்டேன்’ என்று இன்னொருவர். பெரியவர் இரண்டு கை கூப்பியிருந்தார். படை திரண்டுவிட்டது என்ற நிம்மதியில் நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கிளப் ஹவுசில் தமிழர்கள் என்று பார்த்தால் பெரியவரும் நானும்தான். எதிர்த்தரப்பு குளித்து முடித்து முன்வரிசையில் இருந்தது. “எல்லாரும் கிதர் சாமி, எங்க போனாங்க?” என்று பெரியவர் மெதுவாகக் கேட்டார். எல்லாரும் சம்மதம் சொல்லிவிட்டார்களே, நீங்களும் கை கூப்பினீர்களே என்றேன். தனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்றார். நீளமாக இருந்ததால் ஏதோ சாமி விஷயம் என்று கும்பிட்டாராம்.

நல்லவேளையாக, லிப்ட் பராமரிப்பைப் பற்றிய விவாதம் முதலில் வந்தது. எங்கள் ஊரில் லிப்ட் விவாதம் தொடங்கினால் நிம்மதியாக ஒரு சினிமா பார்த்துவிட்டு வரலாம். நான் வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தேன்.

“எங்க இருக்க?”

“அக்கா வீட்டு வாசல்ல. இன்னிக்கு ரொம்பக் கூட்டம். நம்ம ஆளுங்க மொத்தப் பேரும் இங்கதான் நிக்கறாங்க.”

“கீழ மீட்டிங் நடக்குது. நேத்து விலாவாரியா எழுதியிருந்தேனே.”

“அது குதிரையப் பத்தின கட்டுரை இல்லையா?”

வாட்ஸாப்பில் நீளமான செய்திகள் நான்கைந்து வரி காட்டிவிட்டு, மீதியைப் படிக்க ஒருமுறை தொடச் சொல்லும். எங்கள் குழுவில் ஒருவரும் தொடவில்லை. இருபத்தைந்து வருடம் என்னோடு வாழ்ந்தவளே தொடவில்லை என்னும்போது மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு முகமில்லை. அக்காவின் அடுப்பை மூடுவதா வேண்டாமா என்று கீழே முடிவெடுக்கப் போகிறார்கள். அதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் அந்த அடுப்பின் முன்னால் பாத்திரத்தோடு நிற்கிறார்கள்.

மாடியேறி மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். எல்லாரும் கொதித்துப்போனார்கள். இது அநியாயம் என்றார்கள், விடக்கூடாது என்றார்கள். ஒருவரும் இடத்தைவிட்டு அசையவில்லை. வரிசையை விட்டால் திரும்பக் கடைசியில்தான் நிற்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. வரிசையின் நடுவிலிருந்த மென்பொருள்காரர், “நீங்க முன்னாடி போங்க சார், வாங்கிட்டுப் பின்னாடியே வந்துடறோம்” என்றார். எனக்கு முன்னால் போகிற அதிகாரம்தான் இருந்தது. பின்னால் வரவைக்கிற அதிகாரத்துக்கு ஐந்து மொழிகளில் பெயர் தெரியும், அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். என்னவென்று கேட்டார். சொன்னேன். கீழே நம் ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்டார். அதையும் சொன்னேன். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நான் முன்பு சொன்னதை அவர் ஞாபகப்படுத்தவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. உள்ளே போனார். அடுப்பைத் திருகி அணைக்கும் சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது.

திரும்பி வந்து வாசல் நிலையில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: “கீழ போயி கையத் தூக்கிட்டு வாங்க. வர்றவுகளுக்குத்தான் இட்லி. யாரு தூக்குனா, யாரு தூக்கலைன்னு இந்த அண்ணன்ட்ட கேட்டுக்கிறேன்.”

வரிசை கலைந்தது. கலையவில்லை, அப்படியே படியிறங்கியது, யாருக்குப் பின்னால் யார் என்ற ஒழுங்கு குலையாமல். தமிழர் அல்லாத இரண்டு குடும்பங்களும் அதில் இருந்தன. தூக்குவாளிகளோடு நாங்கள் கிளப் ஹவுசுக்குள் நுழைந்தபோது லிப்ட் விவாதம் முடியும் கட்டத்தில் இருந்தது. தீர்மானத்தைப் படித்தார்கள். எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றதும் கைகள் எழுந்தன, சிலவற்றில் பாத்திரமும். செயலாளர் இரண்டு தடவை எண்ணினார். தீர்மானம் தோற்றது. தன் கதவில் யாரும் சாயக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அதை ஒருமனதாக ஏற்றோம்.

மேலே திரும்பி வந்தோம். பாதி வேக்காட்டில் அணைத்த அடுப்பிலிருந்து அக்கா இட்லித் தட்டுகளை எடுத்தார். மறுபடி பற்றவைக்கவில்லை. வெளியே வழவழவென்றும் உள்ளே மாவாகவும் இருந்த அவற்றை அப்படியே ஒவ்வொரு பாத்திரத்திலும் போட்டார். வாங்கியவர்கள் காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்கள். வீட்டுக்கு வந்து நானும் என் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து தட்டில் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.