ஏலக்காய்க்குள் ஒரு கறுப்பு

எங்கள் நாய்க்குட்டி மணிக்குப் பால்சோறு இறங்காது, ஆட்டுப்புழுக்கைதான் உயிர். போடியில் வீட்டிலேயே ஏலக்காய் தரம் பிரித்து விற்கிறோம். அன்று வந்த வியாபாரி, வழக்கம்போலக் குவியலில் கைவிட்டு அள்ளி, ஒரு காயைக் கடித்துப் பார்த்தார்.

"மணம் தூக்கலா இருக்கு தாயி."

அடுத்து அவர் வாய்க்குக் கொண்டுபோனது கறுப்பாக உருண்டையாக இருந்தது. தின்றது போக மிச்சத்தை மணி எங்கே புதைத்து வைக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அதக் கடிக்காதீக அண்ணே" என்று கையைத் தட்டிவிட்டேன்.

"கருகின காய்தான? நான் பாக்காததா?"

"ஆமாண்ணே, ரொம்பக் கருகிருச்சு."

இப்போது மணிக்கு ஏலக்காய் கொட்டிவைக்கும் அறையில் இடமில்லை. வியாபாரியையும் குவியலில் கைவிட விடாமல், நானே காய் பொறுக்கித் தட்டில் வைத்து நீட்டுகிறேன். மரியாதை தெரிந்த குடும்பம் என்று ஊரெல்லாம் சொல்கிறாராம்.