சாம்பாரில் விழுந்த சாட்சிகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. ரசத்துக்குக் கறிவேப்பிலை பறிக்கப் பின்பக்கத் தோட்டத்துக்குப் போன என் மனைவி சுதா, வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

“ஏங்க, இலைக்கு அடியில என்னமோ நிக்குது. வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். கடுகளவுதான் இருக்கும். தலை கீழே, பின்புறம் மேலே... எங்கள் ஊர் ஹெலன்ஸ்பர்க் கோயிலில் சாஷ்டாங்கமாக விழப்போய், முட்டிவலியால் பாதியிலேயே நின்றுவிட்ட பக்தர் மாதிரி ஒரு பூச்சி. ஒன்றல்ல, ஒரு கோஷ்டியே நின்றது.

நான் சிரித்தேன். சுதா சிரிக்கவில்லை. போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். எலுமிச்சை, ஆரஞ்சு, கறிவேப்பிலை எல்லாவற்றிலும் உட்கார்ந்து, மரத்தையே சாகடிக்கும் நோயைப் பரப்புகிற வெளிநாட்டுப் பூச்சியாம். நாங்கள் இருக்கும் இந்த ஆஸ்திரேலியாவுக்குள் இன்னும் நுழையவில்லையாம். சந்தேகம் வந்தால் உடனே போன் செய்யுங்கள் என்று அரசாங்கம் கெஞ்சுகிறது. அந்தப் பூச்சியும் இப்படித்தான் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நிற்குமாம்!

போன் செய்வதில் எனக்கு என்ன தயக்கம் என்று கேட்கிறீர்களா? தயக்கத்தின் பெயர் குகன் அண்ணை.

குகன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்குப் பக்கத்தில், லிட்கமில் இருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுப் பின்தோட்டத்தில் — அவர் பேச்சில் ‘வளவு’ — வேலிக்கு மேலே தலை நீட்டி நிற்கிறது ஒரு கறிவேப்பிலை மரம். எங்கள் வட்டாரத்தில் யார் புதுவீடு போனாலும், தயிர் டப்பாவில் ஒரு கன்றோடு வந்து நிற்பார். பால் காய்ச்ச ஐயர் வராமல் போனதுண்டு. குகன் அண்ணை வராமல் போனதில்லை. என் வீட்டு மரமும் அந்தத் தயிர் டப்பாவில் வந்ததுதான்.

என் மரத்தில் அந்தப் பூச்சி என்றால், அடுத்து அவர் மரத்தைத் தேடிப் போவார்கள். வெட்டச் சொல்லிவிட்டால்? அந்த மனுஷனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

சுதாவே நம்பரைப் போட்டு என் காதில் வைத்தாள். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். போட்டோ அனுப்பச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை ஆள் வரும், அதுவரை ஒரு இலைகூட வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்றாள். கடைசியாக ஒரு கேள்வி — “செடி எங்கே கிடைத்தது?”

“ஒரு நண்பர் கொடுத்தார். அவர் இப்போது நாட்டில் இல்லை” என்றேன்.

எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட டிரைவில் இருந்த குகன் அண்ணையை அப்படி நாடு கடத்திவிட்டு, நேரே அவர் வீட்டுக்கே போய் விஷயத்தைச் சொன்னேன்.

“தம்பி, போன் அடிச்சிட்டீரோ? என்ர மரத்தைக் காட்டிக் குடுத்துப்போட்டீரே!”

“உங்க பேரைச் சொல்லல, அண்ணை...”

“என்ர மரம் சுத்தமான மரம். பூச்சி வேற ஆரின்ரையோ வளவில இருந்துதான் வந்திருக்கு. நான் கண்டுபிடிக்கிறன். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு எல்லாரும் தங்கட கறிவேப்பிலையில ஒவ்வொரு கொப்புக் கொண்டு வரட்டும்.”

“இலையை வெளிய கொண்டு போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“பையில போட்டு இறுக்கிக் கட்டினா அது எங்க போகும்?”

“சரி, அண்ணை” என்றேன். இங்கேதான் என் முதுகெலும்பின் உறுதியை நீங்கள் கவனிக்க வேண்டும்.

மாதம் ஒரு ஞாயிறு, வாடகை மண்டபம் ஒன்றில் நாங்கள் கூடிச் சாப்பிடுவோம். அன்றைக்கு ஆளாளுக்கு ஒரு ஜிப்லாக் பையோடு வந்தார்கள். பையில் பெயர், தெரு, எல்லாம் மார்க்கரில். பூச்சியைப் பிடிக்க இப்படி ஒரு ஒற்றுமையா! போன தீபாவளி விழாவுக்கு நாற்காலி அடுக்க இரண்டு பேர்தான் வந்தார்கள். என் பையும் அதில் இருந்தது — கோஷ்டியோடு. பைகளைக் குசினி மேசையில் குவித்துவிட்டு, குகன் அண்ணை பூதக்கண்ணாடியை எடுக்கக் காருக்குப் போனார். வழியில் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது செல்வி அன்ரி. சமையல் பொறுப்பு அவருடையது. நம் ஆட்கள் கூடும் இடத்தில், சமையல் மேசை மேல் யாராவது கறிவேப்பிலை வைத்தால் அதற்கு என்ன அர்த்தம்? சாட்சி என்றா, உபயம் என்றா?

குகன் அண்ணை பூதக்கண்ணாடியோடு திரும்பியபோது பந்தி பாதி முடிந்திருந்தது. சாம்பார் என்றைக்கும் இல்லாத மணம்.

“அன்ரி, இங்க இருந்த பையள் எங்க?”

“இண்டைக்கு எல்லாரும் கறிவேப்பிலை கொண்டு வந்திருக்கினம், நல்ல சனம்! அப்பிடியே தாளிச்சுப் போட்டன்.”

ஒருவர் வாயருகே கொண்டுபோன கவளத்தை இறக்கினார். மூலையிலிருந்து ஒரு குரல் கவலையோடு கேட்டது:

“கழுவினனீங்களோ?”

“ஓ... அவசரத்தில...”

“அப்ப இது சைவமோ?”

இரண்டாவது தடவை சாம்பார் வாங்கியிருந்த நான் தண்ணீர் குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தாள். இளம்பெண். குகன் அண்ணையும் அழைக்காமலே வந்து ஓரமாக நின்றார். அவள் லென்ஸை வைத்து இலை இலையாகப் பார்த்தாள். சில பூச்சிகளைச் சின்னக் குப்பியில் போட்டாள். பிறகு அதே கேள்வி — இந்தச் செடி எங்கிருந்து வந்தது, அந்த நண்பர் எப்போது திரும்புவார்?

நான் தரையைப் பார்த்தேன். எறும்பு ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் எனக்கு ஆழ்ந்த அக்கறை வந்தது.

“ஃப்ரம் மை ஹவுஸ்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “கம். ஐ வில் ஷோ.”

வெட்கமாக இருந்தது. தன் மரம் போய்விடுமோ என்று மூன்று நாளாகத் தூங்காத மனுஷன் முன்னால் காரை எடுத்தார். இழக்கப் பெரிதாக எதுவும் இல்லாத நான் பின்னால் போனேன்.

அந்த மரத்தை அவள் ஒரு மணி நேரம் பார்த்தாள். அண்ணை அவள் முகத்தையே பார்த்தார். கடைசியில் லென்ஸை இறக்கிச் சிரித்தாள். இந்த மரத்தில் ஒன்றுமில்லை. என் வீட்டுப் பூச்சி, அதைப்போல் நிற்கிற உள்ளூர்ப் பூச்சிதான்; குப்பியில் இருப்பதை லேபில் உறுதி செய்துவிட்டுச் சொல்வாள். எதுவும் வெட்ட வேண்டாம். ஆனால் போன் செய்தது ரொம்பச் சரி என்றாள். அண்ணை மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. வெயில் என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்தார்.

அவள் விடவில்லை. நோட்டைத் திறந்தாள். என்றைக்காவது நிஜப் பூச்சி வந்தால் தேடிப் போக வேண்டுமே — இந்த மரத்திலிருந்து யாருக்காவது கன்று கொடுத்திருக்கிறீர்களா?

குகன் அண்ணை அவளையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, குசினியில இருந்து ஒரு கதிரை கொண்டு வாரும். பிள்ளை எவ்வளவு நேரம் நிண்டுகொண்டு எழுதும்?”

நாலு நாள் கழித்து லேபிலிருந்தும் செய்தி வந்தது — உள்ளூர்ப் பூச்சியேதான்.

சாம்பாரில் வரும் கறிவேப்பிலையை நான் இப்போதும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கத்தான் செய்கிறேன். ஒதுக்கும் முன் ஒருமுறை திருப்பி, அடியில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொள்கிறேன்.