கடனில் வாங்கிய கழுதை

போர் முடிவதற்கு முந்தின வருடம், மாசி மாதத்து ஒரு வியாழக்கிழமை என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. மன்னார்த் தீவில் எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு அப்போது நான் செயலாளர். அதுவரை வட்டிக்காரரை விட்டால் வேறு வழியில்லாதிருந்த கருவாடு விற்கும் அக்கா ஒருவருக்கு, தலைச்சுமையை இறக்கிவைக்க ஒரு கழுதை வாங்கக் கடன் கொடுத்திருந்தோம். கடன் வாங்கியவர் சொன்ன பொருளைத்தான் வாங்கினாரா என்று பார்க்க அன்று கூட்டுறவுத் திணைக்களக் கந்தோரிலிருந்து பரிசோதகர் வந்தார். கழுதையைக் காட்டாவிட்டால் அக்கா கடனை உடனே திருப்பிக் கட்டவேண்டும்.

எங்கள் தீவில் பகலில் கழுதைகளை யாரும் கட்டிவைப்பதில்லை. பெருக்கமரத்து நிழலில், சொந்தக்காரர் இல்லாத ஊர்க்கழுதைகளோடு அக்காவின் கழுதையும் நின்றது.

“இதில எது உங்கட?” என்றார் பரிசோதகர்.

“அந்தச் சாம்பல் நிறம், ஐயா.”

“எல்லாமே சாம்பல்தானே! ஊர்க்கழுதையைக் காட்டி என்னை ஏமாத்தப் பாக்கிறீங்களோ?”

அக்காவின் முகம் வாடிவிட்டது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி, கருவாடு ஏற்றும் இரண்டு ஓலைக் கூடைகளையும் கொண்டுவந்து உயர்த்திக் காட்டினார். மற்றக் கழுதைகள் அசையவில்லை. ஒன்று மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் ஓட்டம் பிடித்தது.

“பாத்தீங்களோ ஐயா? அதுதான் என்ர. மற்றதுகள் எங்க சுமை கண்டதுகள், பயப்பிட?”

பரிசோதகர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “காணும், அக்கா, நம்பிறன். போய்ப் பிடியுங்கோ, இல்லாட்டி தலைமன்னாருக்குப் போயிடும்!”

சங்கக் குறிப்பேட்டில் அன்று நான் எழுதினேன்: “கழுதை பார்வையிடப்பட்டது, பெரும்பாலும் பின்புறமிருந்து.” அந்த ஏட்டை எடுக்கும்போதெல்லாம் இன்றும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் தேடுகிறேன்.